பழைய கணவன், புதிய கொலை

ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் மலையடிவாரத்தில் ஒரு விடுதி. லண்டன் சந்தடி பிடிக்காமல் ஓய்வுக்கு வந்து இறங்குகிறாள் ஜியனெட்டா. வந்த பிறகுதான் தெரிகிறது, விவாகரத்தாகிப் போன கணவன் நிக்கலஸும் அங்கேதான் தங்கியிருக்கிறான். போதாததற்குப் பக்கத்து மலையில் சில வாரம் முன்பு உள்ளூர்ப் பெண் ஒருத்தியைக் கொன்றிருக்கிறார்கள். கொன்றவன் விடுதியில் இருப்பவர்களில் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

மேரி ஸ்டூவர்ட் 1956இல் எழுதிய ‘வைல்ட்ஃபயர் அட் மிட்நைட்’ இது. கதை நடப்பது 1953இல், எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவையொட்டி. டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியில் நின்ற அதே நாட்களில், இவர்கள் ஆயிரம் மீட்டர்கூட இல்லாத ப்ளாவன் மலையடியில் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாயவரத்தில் வாடகைப் புத்தகக் கடை ஒன்றில் மாத நாவல்களுக்கு நடுவே அட்டை கிழிந்து கிடந்தது அந்தப் புத்தகம். எந்த ரயில் பயணி விட்டுப்போனதோ. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். கொலைகாரன் யார் என்பது பாதியிலேயே எனக்கு முக்கியமில்லாமல் போய்விட்டது. நிக்கலஸாக இருந்துவிடக்கூடாதே என்ற ஒரே பதைப்புதான். அவன்மேல் எனக்கு ஒன்றும் பிரியமில்லை. திமிர் பிடித்தவன், கட்டிய பெண்டாட்டிக்குத் துரோகம் செய்தவன். ஆனால் ஒருத்தி ஒரு தடவை நம்பி ஏமாந்த ஆளை, கையில் ரத்தக்கறை இருக்கிறதா என்று தெரியாத நிலையில் மறுபடி நம்பலாமா என்று தத்தளிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து படிப்பவளுக்கும் வயிற்றைப் பிசையத்தான் செய்யும்.

புதுக் காதலர்களை வைத்து எழுதும் மர்மக்கதைக்கு இந்த வலு வராது என்று நினைக்கிறேன். நேற்றுப் பார்த்தவன் கொலைகாரன் என்றால் அதிர்ச்சி, அவ்வளவுதான். சேர்ந்து வாழ்ந்து சாப்பிட்டவன் கொலைகாரனாக இருக்கலாம் என்றால், அந்த வருஷங்களையெல்லாம் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனானே, அது கோபமா, வேறு ஏதாவதா? போலீஸ் விசாரிப்பது கொலையை. அவள் விசாரிப்பது கல்யாணத்தை.

இந்த விசாரணை எனக்குப் பழக்கமானதுதான். எங்கள் வீட்டில் சனிக்கிழமை தோறும் நளன் கதை படிப்பார்கள். சனி பிடித்தவர்கள் நளன் கதை கேட்டால் தோஷம் விலகும் என்பது நம்பிக்கை. திருநள்ளாறு பக்கத்தில்தான், நள தீர்த்தத்தில் முழுக்குப் போடாத சொந்தக்காரர் எங்களுக்கு இல்லை. சூதாட்டம், காட்டில் தூங்குகிறவளை விட்டுவிட்டு ஓடுவது, பாம்பு கடித்து உருமாறுவது, இதெல்லாம் வரும்போது நான் பல்லாங்குழி ஆடப் போய்விடுவேன். எனக்கு வேண்டியது பின்பாதி. நளனின் மனைவி தமயந்தி துப்புத் துலக்கும் பகுதி.

என்ன பெண் அவள்! அந்தணர்களைத் திசைக்கொருவராக அனுப்பி, ஒரு மனைவியின் முறையீட்டை ஊர் ஊராகச் சொல்ல வைக்கிறாள். அயோத்தியில் அவலட்சணமான தேரோட்டி ஒருவன் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறான். உடனே தனக்கு இரண்டாம் சுயம்வரம் என்று அயோத்தி அரசனுக்கு மட்டும் சேதி போகிறது, மறுநாளே வரவேண்டுமென்று. ஒரே பகலில் அவள் இருக்கும் விதர்ப்பத்துக்குத் தேர் ஓட்டக்கூடியவன் உலகத்தில் நளன் ஒருவன்தான். வந்து சேர்ந்ததும் தோழி கேசினியை வேவு பார்க்க அனுப்புகிறாள். அவன் நுழைந்தால் தாழ்ந்த நிலைப்படி உயர்கிறது, வெறும் குடத்தைப் பார்த்தால் நீர் நிறைகிறது, புல்லைப் பிடித்தால் தீப்பற்றுகிறது. அதுவும் போதாமல் அவன் சமைத்ததை வாங்கிவரச் சொல்லி ருசி பார்க்கிறாள். கடைசியாகப் பிள்ளைகளை அனுப்புகிறாள், அவன் அழுகிறான். இத்தனை தடயத்துக்குப் பிறகுதான் நேரில் கூப்பிடுகிறாள். ஸ்கை தீவுக்கு வந்த இன்ஸ்பெக்டர் இவளிடம் பாடம் கேட்டிருக்கலாம்.

எங்கள் ஊர்ப்பக்கத்துக் கண்ணகி இதற்கு நேர்மாறு. பூம்புகாரில் கோவலன் மாதவியை விட்டுத் திரும்பி வந்து நிற்கிறான். அவள் எதுவும் கேட்கவில்லை, சிலம்பை எடுத்துக் கொடுத்தாள். பிறகு அவள் கேட்டதெல்லாம் பாண்டியனிடம்தான். கோவலனிடம் கேட்காததற்கும் சேர்த்துத்தான் அங்கே கேட்டாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. புலவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் அத்தையும் எதுவும் கேட்கவில்லை. மாமா பம்பாய்க்கு வேலை தேடிப்போனவர், கடிதம் நின்று, பணம் நின்று, ஒருநாள் டிரங்குப் பெட்டியோடு திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அத்தை இலை போட்டாள். அவ்வளவுதான் நடந்தது. நாங்கள் சின்னப்பிள்ளைகள், ஏதாவது பெரிதாக நடக்கும் என்று கதவிடுக்கில் காத்திருந்தோம். ரசம் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

இந்த வகைக் கதைகளில் விட்டுப்போனவனுக்கு ஏதாவது ஒரு சாக்கை எழுத்தாளர்களே தேடிக் கொடுத்துவிடுகிறார்கள். நளனுக்கு, அவனுக்குள் புகுந்துகொண்ட கலி. ஜேம்ஸ் ஹில்டன் 1941இல் எழுதிய ‘ராண்டம் ஹார்வெஸ்ட்’ நாயகனுக்கு மறதி. முதல் உலகப்போரில் நினைவிழந்தவன் பாலாவைக் காதலித்து மணக்கிறான். லிவர்பூல் தெருவில் அடிபட்டதும் பழைய நினைவு திரும்பி அவளை மறந்துபோகிறான். பிறகு பெரிய தொழிலதிபராகித் தன் செயலாளரை மணக்கிறான். அவள்தான் அந்தப் பாலா என்பதை ஹில்டன் கடைசிப் பக்கம்வரை நம்மிடமிருந்தே மறைத்துவிடுகிறார். 1942இல் படமெடுத்தபோது இந்த வித்தை செல்லுபடியாகவில்லை. திரையில் கிரீர் கார்சனின் முகத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? அதனால் படத்தில் நமக்குத் தெரியும், அவனுக்குத்தான் தெரியாது. எனக்குப் படத்தின் ஏற்பாடுதான் மேலாகப் படுகிறது. கணவனுக்கே செயலாளராக உட்கார்ந்து அவன் சொல்லும் கடிதத்தைக் குறிப்பெடுக்கிறவளைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடப் பெரிய மர்மம் எதற்கு? நம் ‘அமரதீபம்’, 1956இல் சிவாஜியும் சாவித்திரியும் பத்மினியும் நடித்தது, இந்தக் கதையின் சாயலில் பிறந்தது என்பார்கள். அத்தை அந்தப் படத்துக்குப் பலமுறை போயிருக்கிறாள். மறதிக்காரக் கணவன் அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருப்பான் என்று இப்போது தோன்றுகிறது.

ஹிட்ச்காக்கின் ‘வெர்ட்டிகோ’ 1958இல் வந்தது. போனவரைத் திரும்பப் பெறும் இதே ஆசையின் விஷமான பக்கம் அது. இழந்தவளைப்போல இருக்கும் இன்னொருத்தியைப் பிடித்து, அதே சாம்பல்நிற உடை, அதே கொண்டை என்று மாற்றிக்கொண்டே போகிறான் நாயகன். அவனுக்கு வேண்டியது மனுஷி இல்லை, போன தடவையின் நகல். அதனால்தான் அது காதல் கதையாக முடிவதில்லை.

மகாபாரதத்தில் நளன் தன்னை வெளிப்படுத்தியதும் என்ன கேட்கிறான் தெரியுமா? கணவன் இருக்கும்போது இன்னொருவனை வரிக்க ஒரு பெண்ணுக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்கிறான். காட்டில் நள்ளிரவில் விட்டுப்போனவன்! தமயந்தி தன் பக்கம் சொல்லிச் சத்தியம் செய்கிறாள். வாயு தேவன் சாட்சி சொன்ன பிறகுதான் அவன் சமாதானமாகிறான். ‘என்னை விட்டுப் போனது கலியா, நீயா?’ என்று அவளுக்காகக் கேட்க ஒரு தேவனும் இறங்கி வரவில்லை. வீட்டில் படிக்கும்போது இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

மேரி ஸ்டூவர்ட்டிடமும் எனக்கு இதே குறை. பாறை, மூடுபனி, கத்தி, துரத்தல் என்று அத்தியாயம் அத்தியாயமாக நின்று எழுதியவர், புருஷனும் பெண்டாட்டியும் சேரும் இடத்தில் அவசரப்பட்டுவிட்டார். அவன் கொலைகாரன் இல்லை என்று தெரிந்ததே போதும் என்கிற மாதிரி.

அகராதி புரட்டிப் படித்த பெருமையில் முழுக் கதையையும் அத்தைக்குச் சொன்னேன், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மலை ஏறுகிற இடமெல்லாம் வாயைப் பிளந்து கேட்டாள். முடித்ததும், “கொலைய அவன் பண்ணல, சரி. முதல்ல ஏன் அவள விட்டுப் போனானாம்?” என்றாள்.

“அது அவ்வளவா இல்ல அத்தை.”

“அத எழுதாம என்னத்த எழுதினாளாம்?” என்று முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு, “வேற இருந்தா எடுத்துட்டு வா” என்றாள்.