நேற்று என்றால் 'ஹேவ்' கிடையாது

சென்ற ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். நெதர்லாந்தில் உத்ரெக்ட் என்கிற ஊர். மகளும் மருமகனும் வேலைக்காகப் பாரீசிலிருந்து அங்கே குடிபோனவர்கள். வீட்டில் தமிழும் பிரெஞ்சும். பேத்திக்குப் பள்ளியில் டச்சு. அந்த நாட்டில் 1986 முதல் ஆரம்பப் பள்ளியின் கடைசி இரண்டு வகுப்புகளில் ஆங்கிலம் கட்டாயப் பாடம். பேத்தி அந்த வகுப்புக்கு வந்திருந்தாள்.

"அப்பா, 38 வருஷம் கவர்மென்ட் ஆபீசில் இங்கிலீஷ்ல எழுதினவர்தானே, நீங்களே சொல்லிக் குடுங்க" என்று மகள் என்னிடம் தள்ளிவிட்டாள். எனக்கு டச்சு தெரியாது. அவள் எனக்கு டச்சு சொல்லித் தருவது, நான் அவளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருவது என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்.

டச்சும் ஆங்கிலமும் பங்காளி மொழிகள். மில்க் அங்கே மெல்க், புக் அங்கே பூக். பங்காளிகள் என்றால் தகராறும் இருக்குமே! 'ஹூ' என்றால் ஆங்கிலத்தில் யார், டச்சில் எப்படி. 'வீ' என்றால் ஆங்கிலத்தில் நாங்கள், டச்சில் யார். 'இக் வில்' என்றால் டச்சில் எனக்கு வேண்டும் என்று பொருள். ஆகவே குழந்தை "ஐ வில் ஆன் ஆப்பிள்" என்று எழுதி வைத்திருந்தாள். டச்சு வாக்கியத்தில் வினைச்சொல் இரண்டாவது இடத்தை விட்டு நகராது. அதனால் "நாளைக்கு நான் போகிறேன்" என்பது "டுமாரோ கோ ஐ" ஆகிவிட்டது.

கேள்வி கேட்பது அடுத்த சிக்கல். "வேர் லிவ் யூ?" என்று எழுதினாள். டச்சில் அப்படித்தான் கேட்பார்களாம். நடுவில் ஒரு 'டூ' போடச் சொன்னேன்.

"அந்த டூவுக்கு என்ன அர்த்தம் தாத்தா?"

"ஒண்ணும் இல்லை கண்ணு. ஆபீஸ் முத்திரை மாதிரி. முத்திரை இல்லாட்டி கேள்வி செல்லாது."

அடுத்து வந்த பாடத்தில் எனக்கே பழைய காயம் இருந்தது. "நேற்று அவரைப் பார்த்தேன்" என்பதற்கு "ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே" என்று எழுதினாள். டச்சில் 'ஹெப்' போட்டுத்தான் அதைச் சொல்வார்கள். பிரெஞ்சிலும் அப்படித்தான், "ஜ லே வ்யு இயேர்." பிரெஞ்சு மீடியத்தில் படித்துவிட்டு 1973இல் புதுச்சேரியில் எழுத்தராகச் சேர்ந்த நான், முதல் வாரமே "ஐ ஹேவ் சப்மிட்டட் தி ஃபைல் எஸ்டர்டே" என்று குறிப்பு எழுதினேன். மேலதிகாரி 'ஹேவ்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. விதியைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

பேத்திக்குத் தமிழை வைத்தே சொன்னேன். "நேத்து ஜூவுக்குப் போனேன்னு சொல்லுவியா, போயிருக்கேன்னு சொல்லுவியா?"

"போனேன்."

"ஜூ பார்த்திருக்கியான்னு யாராவது கேட்டா?"

"பார்த்திருக்கேன்."

"அவ்வளவுதான். நேத்து, போன வாரம்னு நாள் சொல்லிட்டா ஹேவ் கிடையாது."

பளிச்சென்று பிடித்துக்கொண்டாள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. வீட்டிலேயே இருந்த சாவியை ஒரு வருடம் வெளியே தேடியிருக்கிறேன்.

ஜூன் மாதம் குடும்பத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதிவரச் சொன்னார்கள். நான்காவது வாக்கியம், "மை கிராண்ட்மதர் ஹேஸ் லிவ்ட் இன் பாண்டிச்சேரி." என் மனைவி இறந்து அப்போது இரண்டு வருடம்.

அந்த வாக்கியத்தில் நேற்று இல்லை, போன வாரம் இல்லை. நான் சொன்ன விதிப்படி குழந்தை எழுதியது சரி. ஆனாலும் ஆங்கிலத்தில் தப்பு. அங்கே 'ஹேஸ்' போட்டால் அந்த மனுஷி இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று ஆகும். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். டீச்சர் திருத்திக்கொள்ளட்டுமே. பிறகு அந்தச் சிவப்பு வட்டம் ஞாபகம் வந்தது. காரணம் தெரியாமல் அவளும் முழிக்க வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னேன்.

"அப்போ ஆயாவுக்கு ஹேஸ் வராதா தாத்தா?"

"வராது கண்ணு."

ரப்பரை எடுத்து 'ஹேஸ்' என்பதை அவளே அழித்தாள்.

ஒரு விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். மனைவி போன மாதம், கூட்டுக் கணக்கிலிருந்து அவள் பெயரை நீக்கச் சொல்லி வங்கிக்குக் கடிதம் எழுதினேன். "மை ஒய்ஃப் ஹேஸ் எக்ஸ்பயர்ட் ஆன்" என்று தொடங்கித் தேதியும் போட்டேன். தேதி போட்டால் 'ஹேஸ்' வராது என்பது 1974 முதல் எனக்குத் தெரியும். அன்றைக்குக் கை கேட்கவில்லை. கவுன்டரில் இருந்த பையன் கடிதத்தைப் படித்து முத்திரை வைத்து வாங்கிக்கொண்டான். நகலை இன்னும் வைத்திருக்கிறேன். திருத்தவில்லை.