அஞ்சு நாளுக்குள் ஒரு கப்பல்

கலிபோர்னியாவின் ரிச்மண்ட் துறைமுகத்துக்குப் போன மாசம் போயிருந்தேன். 1944-ல் அங்கேயே கட்டின 'ரெட் ஓக் விக்டரி' கப்பல் இப்போ மியூசியமா நிக்குது. இரண்டாம் உலகப்போரில் கெய்சரின் நாலு தளங்களும் சேர்ந்து கட்டியது 747 கப்பல்! 1942 நவம்பரில் 'ராபர்ட் இ. பியரி'யை அடிபோட்டுத் தண்ணீரில் இறக்க 4 நாள், 15 மணி, 29 நிமிடம்தான். எங்க வீட்டு மாடியில் ஒரு ரூம் எழுப்பவே எட்டு மாசம் ஆச்சு சாமி.

ரிவெட்டுக்குப் பதில் வெல்டிங், முன்கூட்டியே செய்துவைத்த பாகங்கள். அதுதான் ரகசியம். வெல்டிங் செய்தவர்களில் பெண்கள் ஏராளம். தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்களிடம் சந்தாவை வாங்கிக்கொண்ட யூனியன், ஓட்டுரிமை மட்டும் தரவில்லை. போர் முடிந்ததும் வேலையும் போச்சு. பிறகு குடியிருப்புகளையும் இடிச்சாங்க.

மேல்தளத்தில் ஒரு வெல்டிங் தழும்பைத் தடவிப் பார்த்தேன். நிமிஷக் கணக்கு வரை எழுதி வெச்சவங்க, இது யார் கைவேலைன்னு எழுதலையே.