சைக்கிள் ஓட்ட நல்ல சாலை எது?



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் கேட்கும் முதல் பொருள் சைக்கிள்தான். கையில் போனஸ் பணம் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் நாமும் கடைக்குப் போய், பேரம் பேசி, ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். வாங்குவது எளிது. வாங்கிய சைக்கிளைப் பிள்ளை எங்கே ஓட்டுவது? இந்தக் கேள்வியைத்தான் நாம் கடையில் கேட்க மறந்துவிடுகிறோம்.

அந்தக் காலத்துத் தோட்டத்தில் இப்படி ஒரு கேள்வி எழவே இல்லை. லயத்து வாசலில் இறங்கினால் செம்மண் சாலை. கோயிலுக்கும் அதுதான், பள்ளிக்கூடத்திற்கும் அதுதான், பால் கொட்டகைக்கும் அதுதான். பால் வாளிகளைத் தொங்கவிட்டுக்கொண்டு அப்பா அதே சாலையில் வெட்டுக்குப் போய் வந்தார். மாலையில் அவருடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், சீட்டு எட்டாமல் குறுக்குக் கம்பிக்கு அடியில் ஒரு காலை நுழைத்து மிதித்துப் பழகினார்கள் பிள்ளைகள். விழுந்தால் முட்டியில் சிராய்ப்பு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எப்போதாவது ஒரு லோரி வரும். அதன் இரைச்சல் வளைவுக்கு அப்பாலேயே கேட்டுவிடும்.

இன்று நம்மில் பலர் தோட்டத்தை விட்டு வெளியேறிவிட்டோம். நகரத்தை ஒட்டிய தாமானிலோ மலிவு விலை அடுக்குமாடியிலோ குடியிருக்கிறோம். படியிறங்கினால் காடிகள் நிற்குமிடம். அதைத் தாண்டினால் பெரிய சாலை. பிள்ளையிடம் சைக்கிள் இருக்கிறது, சாலை இல்லை. அதனால் அவன் கிடைத்த சாலையில் ஏறுகிறான். அதுவும் வாகனம் குறைந்திருக்கும் இரவு நேரத்தில்!

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜொகூர் பாருவில், விடியுமுன் இருட்டில், பெரிய சாலையில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள்மீது ஒரு காடி மோதியது. எட்டுப் பேர் இறந்தார்கள். எல்லாரும் பதின்ம வயதுப் பிள்ளைகள். அவர்கள் எந்த இனம், எந்த மதம் என்று பார்த்தா நம் நெஞ்சு பதறியது? 'நம் வீட்டுப் பிள்ளை எங்கே இருக்கிறான்?' என்றுதானே எல்லாத் தாய்மாரும் அன்று தேடினார்கள்!

'ஓட்டாதே' என்று சொல்வது போதாது. 'இங்கே ஓட்டு' என்று ஓர் இடத்தைக் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட சில இடங்களுக்கு இந்தக் கட்டுரையில் உங்களை அழைத்துச் செல்கிறேன், வாருங்கள். அதற்கு முன் சட்டத்தைப் பற்றி நான்கு வார்த்தை.

சட்டம் என்ன சொல்கிறது?

டோல் சாவடி உள்ள விரைவு நெடுஞ்சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. நுழைவாயிலிலேயே சிவப்பு வட்டத்திற்குள் சைக்கிள் படம் போட்ட பலகை நிற்கும். அதைப் பார்த்தால் திரும்பிவிட வேண்டும். 'ஓரமாகத்தானே போகிறேன்' என்ற சமாதானம் அங்கே செல்லாது. மற்றச் சாலைகளில் சைக்கிளும் ஒரு வாகனம்தான். இடப்பக்கமாகச் செல்ல வேண்டும். சிவப்பு விளக்குக்கு நிற்க வேண்டும். பிரேக் வேலை செய்ய வேண்டும். இரவில் முன்னும் பின்னும் விளக்கு எரிய வேண்டும். விளக்கில்லாமல் ஓட்டி, போலீஸ்காரர் நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கிவிட்ட கதையைத் தாத்தாமார் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

இப்போது சில பிள்ளைகள் வேகத்திற்காகப் பிரேக்கைக் கழற்றிவிட்டு, கைப்பிடியைத் தாழ்த்தி, வண்டியின்மேல் படுத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். 'பாசிக்கால் லாஜாக்' என்று அதற்குப் பெயர். உங்கள் பிள்ளையின் சைக்கிளில் பிரேக் கம்பி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் அந்த வண்டிக்கு ஏற்ற சாலை இந்த நாட்டில் எங்குமே இல்லை.

தோட்டத்துச் சாலை

இன்னும் தோட்டத்தில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: தோட்டத்துச் சாலை பொதுச் சாலையன்று, நிர்வாகத்தின் சொத்து. வெளியூரிலிருந்து வரும் உறவுப் பிள்ளைகளும் சேர்ந்து ஓட்டுவதென்றால் ஆபீசிலோ வாசலில் நிற்கும் ஜாகாவிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுவது முறை.

பால்மரக் காட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் வேறுபாடு உண்டு. செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றிய லோரிகளும் டிராக்டர்களும் ஆலைக்கு ஓடிக்கொண்டே இருக்கும். உயர்ந்த மரங்கள் வளைவை மறைத்துவிடும். லோரி ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் பக்கத்தில் வரும் சின்னப் பிள்ளை அவர் கண்ணில் படமாட்டான். ஆகவே வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையே நல்லது. மழை பெய்த மறுநாள் செம்மண் வழுக்கும். காய்ந்தபின் வளைவுகளில் சரளைக் கல் உருளும். இன்னொன்று: சில தோட்டங்களில் திருட்டைத் தடுக்கச் சாலையின் குறுக்கே சங்கிலி கட்டியிருப்பார்கள். பொழுது சாயும் நேரத்தில் அந்தச் சங்கிலி கண்ணுக்குத் தெரியாது. வேகமாக வரும் பிள்ளைக்கு அது யமன். சங்கிலி எங்கெங்கே உண்டு என்று பகலிலேயே பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள்.

புதிதாகப் பழகும் குழந்தைக்குச் சாலையே வேண்டாம். திடல் போதும், கோயில் வளாகமோ, தலைமையாசிரியர் அனுமதித்தால் பள்ளித் திடலோ போதும். இரண்டு பாதமும் தரையில் படும்படி சீட்டை இறக்கிவிடுங்கள். முதலில் பெடலைக் கழற்றிவிட்டுக் காலால் உந்திப் போகச் சொல்லுங்கள். நிலைபிடிக்கக் கற்றுக்கொண்ட பிறகு பெடலை மாட்டினால் தானாக மிதித்து ஓட்டிவிடும்.

புத்ராஜெயா ஏரிக்கரை

தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது புத்ராஜெயா.

அரசாங்க அலுவலகங்கள் நிறைந்த ஊர் என்றுதான் பலருக்கும் தெரியும். பாஸ்போர்ட், குடியுரிமைக் காரியங்களுக்காகப் போய், வரிசையில் நின்று, வேலை முடிந்ததும் திரும்பிவிடுவோம். அடுத்த முறை ஏரிப் பக்கம் இறங்கிப் பாருங்கள். சுவாவ், பீசா என்ற இரண்டு ஆறுகள் ஓடிய பள்ளத்தாக்கை அணைகட்டி நிரப்பிய செயற்கை ஏரி அது. கரையின் நீளம் சுமார் 38 கிலோமீட்டர். கரையோரமாக நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் பாதை போட்டிருக்கிறார்கள். காடி, லோரி எதுவும் அந்தப் பாதைக்குள் வராது. 38 கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் சுற்ற வேண்டியதில்லை. குழந்தையோடு போனால் இரண்டு பாலங்களுக்கு இடையே போய் வந்தாலே போதும். சொந்தச் சைக்கிள் இல்லாதவர்கள் தாவரவியல் பூங்காவில் வாடகைக்கு எடுக்கலாம்.

அங்கே நீங்கள் மிதித்துப் போகும் மண் எது தெரியுமா? பிராங் பெசார் தோட்டம்! முதல் உலகப் போரில் போரிட்டுத் திரும்பிய ஆங்கிலேயர்கள் உண்டாக்கிய தோட்டம் அது. 'பெரும் போர்' என்பதுதான் மலாயில் அந்தப் பெயரின் பொருள். பால்மரம் ஒட்டுக் கட்டியவர்களுக்கும் வெட்டியவர்களுக்கும் பி.பி. 86 என்ற இனம் நன்றாகத் தெரியும். அந்தப் 'பி.பி.' என்பது பிராங் பெசாரின் முதலெழுத்துகளே. உலகமெங்கும் நட்ட மர இனங்கள் பிறந்த இடம் அது. அங்கே உழைத்தவர்கள் நம்மவர்கள்.

1990களில் புதிய நிர்வாகத் தலைநகரம் எழும்பியபோது பிராங் பெசார், கேலவே, மெடிங்லி, செட்ஜ்லி என்ற நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. டிங்கில் வட்டாரத்தில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு அவர்கள் குடிபோனார்கள். லயமும் தோட்டத்துச் சாலைகளும் போய்விட்டன. பள்ளத்தில் நீர் நிறைந்தது. மேட்டில் மாளிகைகள் எழுந்தன.

இதை நான் வருத்தத்தைக் கிளறச் சொல்லவில்லை. அந்த ஏரிக்கரைப் பாதை எல்லாருக்கும் பொது. நம் பிள்ளைகள் அங்கே ஓட்டும்போது விருந்தாளியைப் போல் தயங்க வேண்டியதில்லை. 'இங்கேதானடா உன் பாட்டி பால் வெட்டினாள்' என்று சொல்ல உரிமையுள்ள குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அப்படிச் சொல்ல முடிந்தவர்கள் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை: பத்து மணிக்கு மேல் கரையில் வெயில் கொளுத்தும், பிற்பகலில் இடி மின்னல் வரும். காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். தண்ணீர் போத்தல் மறக்க வேண்டாம்.

தலைநகரில் ஞாயிறு காலை

புத்ராஜெயாவுக்குப் போக வசதியில்லாத கோலாலம்பூர்வாசிகள் என்ன செய்வது? சில ஞாயிற்றுக்கிழமைகளில் நகரின் நடுச் சாலைகளைக் காலையில் சில மணி நேரம் காடிகளுக்கு அடைத்துவிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்துவிடுகிறார்கள். 2014இல் தொடங்கிய ஏற்பாடு இது. மற்ற நாளில் சாலையைக் கடக்கவே அஞ்சும் இடத்தில், பிள்ளைகள் நடுவில் ஓட்டிப் போவதைக் காண மகிழ்ச்சியாக இருக்கும். எந்த வாரம், எத்தனை மணி என்பதை மாநகராட்சி மன்றத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொண்டு போங்கள். நேரம் முடிந்ததும் சாலை மறுபடி காடிகளுக்குச் சொந்தம். அதற்கு முன்பே ஒதுங்கிவிட வேண்டும்.

மெர்டேக்கா சதுக்கத்திலிருந்து மிட்வேலி வரை சுமார் 5.5 கிலோமீட்டருக்குச் சைக்கிள் தடம் ஒன்றை 2015இல் திறந்தார்கள். பெரியவர்களுக்கு அது பயன்படும். ஆனால் மோட்டார் சைக்கிள்களும் இடையிடையே புகுந்துவிடுவதுண்டு. சின்னப் பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள்.

பினாங்கு: பாலம் வேண்டாம், படகு உண்டு

வடக்கே கெடா, பேராக் தோட்டங்களில் இருப்பவர்களுக்குப் பினாங்கு பக்கம். 1985இல் திறந்த முதல் பாலத்திலும் 2014இல் திறந்த இரண்டாம் பாலத்திலும் சைக்கிள் ஓட்டக் கூடாது. பிறகு தீவுக்குச் சைக்கிள் எப்படிப் போகும்? பழைய வழியிலேயே போகும்: பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி! 2023 முதல் ஓடும் புதிய ஃபெரிகளில் காடிகளுக்கு இடமில்லை. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் மட்டுமே ஏறலாம். காடிக்காரர் பாலத்தைச் சுற்றிப் போகட்டும். சைக்கிள்காரர் கடல் காற்றை வாங்கிக்கொண்டு நேரே போய் இறங்கலாம்.

தீவின் கிழக்குக் கரையில், பெரிய சாலைக்கும் கடலுக்கும் இடையே சைக்கிள் தடம் இருக்கிறது. அது பினாங்குப் பாலத்தின் அடியிலேயே செல்கிறது. மேலே வாகனங்கள் இரைய, கீழே அலையோசை கேட்க ஓட்டிப் போகலாம். ஜார்ஜ் டவுனின் ஆர்மேனியன் தெருவுக்குப் போனால், இரண்டு குழந்தைகள் சைக்கிளில் போகும் சுவரோவியத்தைக் காணலாம். 2012இல் வரைந்தது. குழந்தைகள் ஓவியம், சைக்கிள் மட்டும் நிஜம்! அந்தக் குறுகிய தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

அக்கரையில் சிங்கப்பூர்

சிங்கப்பூரில் உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் அங்குள்ள விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பூங்காக்களை இணைக்கும் பாதைகள் மட்டும் அங்கே 300 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கின்றன. சைக்கிள் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. சைக்கிளுக்கு அனுமதியுள்ள நடைபாதையில் 10 கிலோமீட்டர்தான். அருகிலேயே சைக்கிள் பாதை இருந்து, நடப்பவர்களுக்கு மட்டும் என்று குறித்த பாதையில் 2025 ஜூலை முதல் சைக்கிள் ஓட்டக் கூடாது. சாலையில் இறங்கினால் தலைக்கவசம் கட்டாயம். கைப் பிரேக் வேலை செய்ய வேண்டும்.

அங்கேயும் நம் பழைய தடங்கள் உண்டு. தஞ்சோங் பகாருக்குப் போய்க்கொண்டிருந்த மலாயா ரயில் 2011இல் நின்றது. தண்டவாளம் கிடந்த 24 கிலோமீட்டர் நிலம் இப்போது பசுமைப் பாதையாகிவிட்டது. நம்மவர்கள் பலர் வேலை பார்த்த ரயில்வே அது. சாங்கியிலிருந்து படகேறினால் உபின் தீவு. பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு புறப்படும். துறையிலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். ஒரு காலத்தில் அங்கேயும் பால்மரத் தோட்டங்கள் இருந்தன. காட்டுக்குள் அந்த மரங்களை இன்றும் காணலாம். பட்டையில் உள்ள பழைய வெட்டுத் தழும்பைப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்ல உங்களைவிடச் சிறந்த ஆசிரியர் யார்?

புறப்படும் முன்...

இந்த இடங்களை எல்லாம் சேர்த்துப் பாருங்கள். தோட்டத்துச் சாலை, ஏரிக்கரை, ஃபெரி, ரயில் போன தடம், தீவு. மோட்டார் வாகனம் வராத, அல்லது வந்தாலும் மெதுவாக வரும் இடங்கள் இவை. அகலமாக, வழவழவென்று, நேராக இருக்கும் சாலையே நல்ல சாலை என்று பிள்ளை நினைப்பான். அது வேகத்திற்காகப் போட்ட சாலை, அவனுக்காகப் போட்டதன்று. இதை அவனுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது பெற்றோரின் கடமை.

உங்கள் ஊரிலும் இப்படி ஓர் இடம் இருக்கும். முதலில் நீங்கள் நடந்து போய்ப் பாருங்கள். எத்தனை வாகனம் வருகிறது, நாய்த் தொல்லை உண்டா, சாக்கடை மூடி உடைந்திருக்கிறதா, அறிவிப்புப் பலகை என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். பிரேக்கை அழுத்திப் பாருங்கள், டயரில் காற்றைப் பாருங்கள், தலைக்கவசத்தின் வாரை மாட்டிவிடுங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையை அழைத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் நீங்களும் ஒரு சைக்கிளில் ஏறுங்கள். தோட்டத்தில் பழகிய கால்கள் அல்லவா, மிதிக்க மறந்திருக்காது!