அப்பாவின் பாக்கெட் நோட்டு

இந்த மலருக்கு ஒரு கவிதை கொடுக்கத்தான் ஆசைப்பட்டேன். வரவில்லை. அதனால் நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். நாளைக்கு வேலைக்குப் போகும் உங்களுக்குக் கவிதையைவிட இது உதவும்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஃபிட்டர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. போன கோடை விடுமுறையில், ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கும் ஓர் அலுவலகத்துக்குப் பயிற்சிக்குப் போனேன். பஸ்ஸில் ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிந்ததும் சட்டையைச் சரிசெய்து கொள்வேன். அவ்வளவு பெருமை!

ஒருநாள் அங்கிருந்த அண்ணன், "தம்பி, இந்த 24 போர்ட் சுவிட்சுல கடைக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு, நம்ம ஆபீசுக்கு ஒண்ணுன்னு போர்ட்டைப் பிரிச்சுப் போடு" என்றார். கன்சோல் கேபிளை மாட்டி ஒவ்வொரு கட்டளையாக அடித்தேன். எல்லாம் வேலை செய்தது.

மூன்றாம் நாள் கரண்ட் போனது. யு.பி.எஸ். பேட்டரியும் கைவிட்டது. கரண்ட் திரும்பியபோது நான் பிரித்த பிரிவு ஒன்றுமே இல்லை. அன்று ஓர் உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். பிரவுசிங் சென்டர்களிலிருந்து போன்மேல் போன்.

"தம்பி, சேவ் பண்ணுனியா?"

"பண்ணுனேன் அண்ணே."

பொய். சிஸ்கோ சுவிட்சில் நாம் அடிப்பது முதலில் ‘ரன்னிங் கான்பிக்’ ஆக ரேமில்தான் இருக்கும். கரண்ட் போனால் அதுவும் போச்சு. ‘ஸ்டார்ட்அப் கான்பிக்’ ஆக நகல் எடுத்தால்தான் நிற்கும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன், அந்த ஒரு வரியை அடிக்க மறந்துவிட்டேன்.

அண்ணன் ஒவ்வொரு கேபிளாகப் பிடித்துப் பார்த்து, மதியம் சாப்பிடாமல், மூன்று மணிக்குச் சரிசெய்தார். "சுவிட்ச் மெமரி போயிருக்கு, வேற வாங்கணும்" என்று முதலாளியிடம் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

இரவு அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சட்டையை ஆணியில் மாட்டினார். பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன நோட்டு விழுந்தது. எண்ணெய்க் கறை. உள்ளே மிஷின் நம்பர், தேதி, நூல் கவுன்ட், எத்தனை பல் உள்ள சக்கரம் மாட்டியது என்று வரிசையாக எழுதியிருந்தது.

"எதுக்குப்பா இது? ஒங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே!"

"எனக்குத் தெரியும்டா. நாளைக்கி நான் வரலேன்னா அடுத்த ஷிப்டுக்காரன் என்ன செய்வான்? மில்லு நோட்டுலயும் எழுதி வச்சிருவேன். ஒண்ணு தொலைஞ்சாலும் ஒண்ணு இருக்கும்ல."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் அண்ணனிடம் போய், "அண்ணே, சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு. நான்தான் சேவ் பண்ணல. பொய் சொல்லிட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "நேத்தே சொல்லியிருந்தா நானும் நேத்துச் சாப்பிட்டிருப்பேன்டா" என்றார். வேறு திட்டவில்லை. அதுதான் வலித்தது.

பிறகு சொல்லிக் கொடுத்தார். மாற்றம் செய்யுமுன் ஒரு நகல், செய்தபின் ஒரு நகல். கோப்பின் பெயரிலேயே தேதி. டி.எஃப்.டி.பி. பாஸ்வேர்டு கேட்காது, எதையும் மறைக்காது, எஸ்.சி.பி. நல்லது. பழைய நகலை ஓடுகிற சுவிட்சில் அப்படியே ஏற்றினால் இருக்கிற வரிகளோடு சேர்ந்துகொள்ளும், முழுவதும் மாறாது. அதனால் சும்மா கிடக்கும் ஒரு சுவிட்சில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏற்றிப் பார்க்காத நகலை நம்பக் கூடாது.

பெரியவர்களுக்கும் இந்தச் சோதனை உண்டு. 2021 அக்டோபர் 4 அன்று, பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையால் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் நின்றன. நெட்வொர்க்கே விழுந்ததால் பொறியாளர்களால் தூரத்திலிருந்து உள்ளே நுழைய முடியவில்லை. நேரில் போக வேண்டியதாயிற்று. ஆகவே நகல் அந்த நெட்வொர்க்குக்குள் மட்டும் இருந்தால் போதாது, நண்பர்களே. வெளியிலும் ஒன்று வேண்டும்.

இப்போது என் சட்டைப் பாக்கெட்டிலும் ஒரு நோட்டு இருக்கிறது. பாஸ்வேர்டு எதுவும் அதில் எழுதுவதில்லை. எந்தச் சுவிட்ச், என்ன மாற்றம், எந்தத் தேதி, நகல் எங்கே என்பது மட்டும்தான். முதல் பக்கத்தில் அப்பாவின் பெயரை எழுதியிருக்கிறேன்.