சுசீந்திரம் இசைத்தூணும் ஒரு புதிய குரலும்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் இருக்கிறது சுசீந்திரம் தாணுமாலயன் கோயில். இங்குள்ள இசைத்தூண்களைத் தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஸ்வரம் தரும். நீளமும் பருமனும் மாறினால் கல்லின் ஒலியும் மாறும்.

திருநங்கைகளுக்கான குரல் அறுவை சிகிச்சையும் இப்படித்தான். பருவத்தில் உடைந்த குரலை ஹார்மோன் மாத்திரையால் மாற்ற முடியாது. அதனால், குரல்நாண்களின் முன்பகுதியைச் சேர்த்துத் தைத்து, அதிரும் நீளத்தைக் குறைக்கிறார்கள், சுருதி உயர்கிறது.

பிறகு, பொதுவாக ஒரு வாரமாவது மௌனம். கிசுகிசுக்கவும் கூடாது. குரல் நிலைபெறப் பல மாதங்கள் ஆகும், பயிற்சியும் வேண்டும்.

தமிழகத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் திருநங்கைகளுக்குக் கட்டணமில்லை. ஆனாலும், வாய் திறந்ததும் திரும்பும் தலைகள்தான் பயணத்தைக் கடினமாக்குகின்றன. பஸ்ஸிலோ கோயிலிலோ ஒருவர் பேசாமல் சைகை காட்டினால், பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். உள்ளே காயம் ஆறிக்கொண்டிருக்கலாம்.