எரியாத சிவப்பு விளக்கு

போன மாதம் ஒரு நாள் காலையில் காரை வெளியே எடுத்தபோது, போர்ட்டிகோ தரையில் ரூபாய் நாணயம் அளவுக்கு எண்ணெய்க் கறை. பழைய வண்டி, கசியத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். இரண்டே நாளில் நாணயம் தோசை அளவுக்கு ஆகிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆயில் பிரஷர் சென்சாரின் தலையிலிருந்து எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் 31 வருஷம் ஃபிட்டராக இருந்தவன் இதற்குப் போய் மெக்கானிக்கைக் கூப்பிடுவதா? பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் புது சென்சார் வாங்கிக்கொண்டு சென்னீர்குப்பம் வந்து சேர்ந்தேன். என்ஜின் ஆறியதும் பழையதைக் கழற்றினேன். புதியதின் மரையில் டெஃப்லான் டேப்பை ஆறேழு சுற்று சுற்றி முறுக்கினேன். கை பழகிய வேலை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பைப் மரைக்குச் சணலைச் சுற்றி வெள்ளைப் பூச்சு தடவுவோம். பிறகுதான் இந்த வெள்ளை டேப் வந்தது. டெஃப்லானை 1938-ல் ராய் பிளங்கெட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, குளிர்பதன வாயுவை ஆராயும்போது தற்செயலாகக் கண்டுபிடித்தார்.

என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட இல்லை. அந்தப் பெருமையோடு மாலையில் மனைவியைத் திருவேற்காடு கோயிலுக்குக் கிளப்பினேன். சாவியைத் திருப்பியதும் அவள் கேட்டாள்:

"ஏங்க, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அந்த அலாவுதீன் விளக்கு சிவப்பா எரியுமே, இன்னிக்குக் காணோமே?"

"கசிவை நிறுத்திட்டேன் இல்ல, அதான் எரியல" என்று சொல்லி வாய் மூடவில்லை, எனக்குச் சுருக்கென்றது. இறங்கி பானெட்டைத் திறந்தேன்.

கடைக்காரர் சென்சார் என்றாலும், என் வண்டியில் இருப்பது ஒற்றை ஒயர் சுவிட்ச்தான். எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது உள்ளே சுற்று மூடி, விளக்கு எரியும். என்ஜின் ஓடி அழுத்தம் வந்ததும் அணையும். அதற்குத் தனியாக எர்த் ஒயர் கிடையாது. மரை என்ஜினைத் தொடுவதுதான் எர்த். டெஃப்லானோ மின்சாரம் கடத்தாது. டேப் சுற்றினாலே எர்த் போய்விடும் என்று இல்லை. முறுக்கும்போது உலோகம் டேப்பைக் கிழித்துக்கொண்டு தொட்டுவிடும். நான்தான் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவதுபோல் மொத்தையாகச் சுற்றியிருந்தேன்.

சந்தேகம் தீர, சாவியை ஆனில் வைத்து, சுவிட்சின் ஒயரைக் கழற்றி என்ஜின் உடம்பில் தொட்டேன். விளக்கு எரிந்தது. பல்பும் ஒயரும் சரி. குற்றவாளி என் டேப்தான்.

மறுநாள் சுவிட்சைக் கழற்றி, பழைய டேப் துணுக்கு ஒன்றுகூட உள்ளே விழாமல் துடைத்தேன். துணுக்கு எண்ணெய் வழிக்குள் போனால் அது வேறு வம்பு. இந்த மரை நுனியை நோக்கிச் சிறுத்துப்போகும். 16 மில்லிமீட்டர் நீளத்துக்கு விட்டம் 1 மில்லிமீட்டர் குறையும். முறுக்க முறுக்க அதுவே இறுகும், டேப் வெறும் துணைதான். நுனியில் இரண்டு மரையை விட்டுவிட்டு, நுனி என்னைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் இரண்டே சுற்று. ஸ்பேனரில் அளவான முறுக்கு. அதிகம் போனால் மரையே போய்விடும். மரை சிறுக்காமல் நேராக இருந்து, அடியில் வாஷர் வைத்த சுவிட்ச் என்றால் டேப்பே வேண்டாம். அங்கே கசிவைத் தடுப்பது வாஷர்.

சாவியைத் திருப்பினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்டார்ட் செய்ததும் அணைந்தது. கீழே ஒரு சொட்டும் இல்லை. ஒரு நாள் தாமதமாகக் கருமாரியம்மனைப் பார்த்துவிட்டு வந்தோம்.

அவள் கேட்காமல் இருந்திருந்தால்? என்றாவது எண்ணெய் அழுத்தம் விழுந்திருந்தாலும் விளக்கு எரிந்திருக்காது. எரியவில்லையே, எல்லாம் நலம் என்று நான் ஓட்டிக்கொண்டே போயிருப்பேன், என்ஜின் பிடித்து நிற்கும்வரை. கசிவை நிறுத்துவதிலேயே கண்ணாக இருந்து, எச்சரிக்கை சொல்லும் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டேன்.

நீங்களும் நாளைக் காலை சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். அந்தச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். நான் இப்போது தினமும் பார்க்கிறேன். பக்கத்து சீட்டிலிருந்து அவளும் பார்க்கிறாள்.