மூச்சுக்காக உழைத்துக் களைக்கும் தசைகள்: பீல் நகரக் குளிர்காலக் குறிப்புகள்

நவம்பர் 18

மூச்சுக்குழல்கள் நிலையாகச் சுருங்கியும் நுரையீரலின் நுண்ணறைகள் சிதைந்தும் போகின்ற நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், மருத்துவர்கள் சி.ஓ.பி.டி. என்று சுருக்கிச் சொல்வது, இருமலோடும் இளைப்போடும் நின்றுவிடுவதில்லை; கழுத்திலும் தோள்பட்டையிலும் முதுகிலும் தொடையிலும் ஓயாத உளைவாகவும் அது தங்கிவிடுகிறது. யூரா மலையடிவாரத்தில் ஏரிக்கரையை ஒட்டிக் கிடக்கும் பீல் நகரை இம்மாதங்களில் மூடுபனி நாட்கணக்கில் மூடியிருக்க, அதன் கீழே குளிர்காற்றும் புகைத்துகள்களும் தேங்குகின்றன. 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து சுவிட்சர்லாந்துக்கு வந்து, உணவகச் சமையலறைகளிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்த தமிழர் தலைமுறை இப்போது ஓய்வு வயதை எட்டிவிட்டது. அவர்களில் இந்நோய் கண்ட பலர் "முட்டு", அதாவது மூச்சுத்திணறல், இருப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுகிறார்கள். உளைவை மட்டும், வயது போனால் வருவதுதானே என்று சொல்லாமல் விடுகிறார்கள். அந்தப் பொறுமை தேவையற்றது, ஏனெனில் இந்த நோவுக்குக் காரணமும் உண்டு, தணிக்க வழியும் உண்டு.

நவம்பர் 20

நலமான உடலில் மூச்சை வெளிவிடுவதற்குத் தனி உழைப்பு வேண்டியதில்லை. விரிந்த நுரையீரல் தானாகவே சுருங்கிக் காற்றை வெளியேற்றிவிடும். குழல்கள் ஒடுங்கியவருக்கோ ஒரு மூச்சு முழுதாக வெளியேறுமுன் அடுத்தது உள்ளே வந்துவிடுவதால், காற்று உள்ளே சிறைப்பட்டு மார்பு உப்பி நிற்கிறது. மிகைவிரிவு எனப்படும் இந்நிலையில், மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே குவிந்த கூரைபோல் இருக்க வேண்டிய உதரவிதானம் தட்டையாகித் தன் இழுவிசையில் பெரும்பங்கை இழக்கிறது. அதன் வேலையைக் கழுத்தின் பக்கத் தசைகளும் தோள்பட்டைத் தசைகளும் ஏற்று, விலா எலும்புகளை ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே தூக்குகின்றன. எப்போதாவது ஓடும்போதோ சுமை தூக்கும்போதோ உதவிக்கு வர வேண்டிய தசைகள் நாள் முழுதும் ஓய்வின்றி உழைத்தால் அவை நோகாமல் என்ன செய்யும்? பீஸ் எனப்படும் வடகிழக்குக் குளிர்காற்று வீசும் நாளில் தோளைக் காதுவரை ஒடுக்கி நடக்கும் பழக்கம் இந்தச் சுமையை மேலும் கூட்டுகிறது.

டிசம்பர் 2

தொடை நோவின் கதை வேறு. இளைப்புக்கு அஞ்சி நடையைக் குறைப்பவரின் தொடைத்தசை மெலிகிறது. நெடுநேரம் களைக்காமல் உழைக்கும் தசைநார்கள் அதில் குறைந்து, விரைவில் களைப்பவை மிகுகின்றன. அதனால் சிறு நடையிலேயே லாக்டிக் அமிலம் சேர்ந்து, காலும் கனத்து மூச்சும் கூடுதலாக வாங்க, மறுநாள் நடை இன்னும் குறைகிறது. நீண்டநாள் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் தசையை மெலிவிக்கக்கூடும்.

டிசம்பர் 15

ஆகவே இங்கே மருந்தாவது படுக்கை அன்று, அளந்த அசைவே. மருத்துவர் சொன்னபடி குழல் விரிக்கும் மருந்தை உறிஞ்சிய பின், நகரின் ஷூஸ் ஆற்றோரத்தின் சமதரையில், பத்துக்கு நான்கு முதல் ஆறு என்று தாமே மதிப்பிடக்கூடிய இளைப்பு வரும்வரை நடந்து, நின்று, மீண்டும் நடப்பது முதற்படி. நகருக்கு மேலுள்ள மாக்லிங்கன் ஏற்றத்தை 1887 முதல் ஓடும் கம்பிவட ரயிலுக்கு விட்டுவிடலாம். மேலே ஏறினால் பல நாட்களில் மூடுபனிக்கு மேலே வெயிலும் கிடைக்கும். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்ற முறைப்படுத்திய சிகிச்சை, வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாக, பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரம் நடப்பது. பெர்ன் மாநிலத்தில், தூன் ஏரிக்கு மேலே, 1895-இல் காசநோயாளருக்காகத் திறக்கப்பட்ட ஹைலிகென்ஷ்வென்டி நிலையம் இன்று இத்தகைய மறுவாழ்வுப் பணியைச் செய்கிறது.

தோள்வலிக்கு, மேசைமேல் முன்கைகளை ஊன்றிச் சற்றே குனிந்து அமர்ந்து, மூக்கால் இழுத்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைப்பதுபோல் உதடுகளைக் குவித்து மெல்ல ஊத வேண்டும். சிறைப்பட்ட காற்று வெளியேற, கழுத்துத் தசைகளின் பாரம் இறங்கும். வெந்நீர் ஒத்தடமும் மென்மையான பிடித்துவிடலும் இதமளிக்கும். ஆனால் நெடியுள்ள தைலம் சிலருக்கு இளைப்பைத் தூண்டும். தேய்ந்த தசைக்குப் பருப்பும் மீனும் முட்டையும் வேண்டும். வயிறு நிறைய ஒரே வேளையில் உண்டால் மூச்சு முட்டுமென்பதால் சிறிது சிறிதாக உண்பதே ஏற்றது.

ஜனவரி 7

எல்லா நோவும் இந்த வகை அன்று. மார்பை அழுத்தி இடக்கைக்கு ஓடும் வலிக்கும் திடீரென மிகும் மூச்சுத்திணறலுக்கும் உடனே அவசர மருத்துவ உதவி எண்ணான 144-ஐ அழைக்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோவது இரத்தக்கட்டியாகவும், முதுகில் சட்டெனக் குத்துவது எலும்புத் தேய்வால் வந்த முறிவாகவும் இருக்கலாம். குழல் விரிக்கும் மருந்தான சால்புட்டமால் மிகுதியால் தசை பிடித்துக்கொள்வதும் உண்டு. வலிக்கும் உறக்கத்துக்கும் தாமாகவே வாங்கும் வன்மையான மாத்திரைகள் மூச்சையே மட்டுப்படுத்தக்கூடும் என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருப்பது நல்லது.

பெப்ரவரி 3

நடந்த தூரம், இளைப்பின் அளவு, நோவின் இடம், எடுத்த மருந்து ஆகிய நான்கையும் நாளுக்கொரு வரியாக எழுதிவரும் கொப்பி, மொழி தடுமாறும் மருத்துவ அறையில் நோயாளியின் சார்பாகப் பேசுகிறது. ஆறு நிமிட நடைச் சோதனையில், அதாவது ஆறு நிமிடத்தில் சமதரையில் எவ்வளவு நடக்க முடிகிறது என்று அளக்கும் சோதனையில், ஏறத்தாழ 30 மீட்டர் கூடினாலே அதை மருத்துவம் மெய்யான முன்னேற்றமாகக் கொள்கிறது. 30 மீட்டர் என்பது அடுக்குமாடியின் நிலவறையிலுள்ள பொதுச் சலவை அறைக்கு, யாரையும் கூப்பிடாமல் ஒருவர் தாமே போய்வரும் தூரமாக இருக்கலாம்.